ஆட்டத்தை முடிக்கத் தெரியாத ராஜா

ஆவுடையாபுரத்து ராஜா கொற்றவேலருக்குச் சதுரங்கம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் பாவம், ஓர் ஆட்டத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்க்க விட்டால்தானே! அவர் ஒரு யானையை வெட்டியதுமே எதிரே இருப்பவர், "தோற்றேன் பிரபு!" என்று காய்களைக் கலைத்துவிடுவார். உடனே வெற்றிலைத் தட்டு வந்துவிடும்.

இந்த லட்சணத்தில், பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவர் கடைசிச் சிப்பாய் விழும்வரை விடாமல் ஆடுகிறவர். கொற்றவேலருக்கோ ஆட்டத்தை முடிக்கவே தெரியாது. அரசவை விகடக்காரர் சிற்றம்பலத்தைக் கூப்பிட்டார்.

"ஓய், ஆட்டத்தை முடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடும். நான் ஜெயிக்காவிட்டால் உமக்கு இந்த ஊரில் இடமில்லை!"

சிற்றம்பலத்துக்கு வேறு வழியில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவார்? பலகையை விரித்தார்.

"தனியாக நிற்கும் ராஜாவை நெருக்குங்கள், பிரபு. ஆனால் அவரை நேரே வெட்ட வரும் முற்றுகையை வைக்கும்வரை அவர் நகர ஒரு கட்டமாவது விட்டுவையுங்கள். முற்றுகையும் இல்லை, நகர இடமும் இல்லை என்றால் ஆட்டம் சமன்."

"எதிரிக்கு நான் எதற்கு இடம் விட வேண்டும்?" ராஜா கொட்டாவி விட்டார்.

"அதானே!" என்று பக்கத்தில் நின்ற தளவாய் உக்கிரபாண்டி ஒத்து ஊதினார். பாடம் அத்தோடு முடிந்தது.

விருந்தாளி வந்தார், ஆடினார். கடைசியில் அவரிடம் மிஞ்சியது மொட்டை ராஜா மட்டும்தான். நம்மவரிடம் இரண்டு யானை, ஒரு குதிரை. குஷி தாங்காமல் நாலாபுறமும் அடைத்தார்.

"முற்றுகை இல்லை, நகரவும் இடமில்லை. சமன்!" என்று விருந்தாளி எழுந்து பாயசம் கேட்டார்.

அவர் ஊர் போய்ச் சேருமுன் கொற்றவேலர் வெடித்தார். "சிற்றம்பலம்! பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டு ஓடும்!"

தளவாய்க்குப் பழைய பகை. "வடக்கு வாசலை அடைத்துவிடுங்கள் பிரபு. அந்த ராஜாவிடமே போய்ச் சேர்ந்து சிரிப்பார்."

"அடை!"

"தெற்கே இவர் மாமியார் வீடு. உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்."

"அடை!"

"கிழக்கே துறைமுகம். தேசம் தேசமாகக் கதை பரப்புவார். மேற்கே சந்தை. ஊரே கூடி உச்சுக்கொட்டும்."

"எல்லாவற்றையும் அடை!"

பொழுது சாய்ந்தது. சிற்றம்பலம் மூட்டை முடிச்சோடு சபை நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஓய்! இன்னும் போகவில்லையா?"

"ஆணையை மீறிவிட்டார்!" என்று தளவாய் துள்ளினார்.

சிற்றம்பலம் கைகூப்பினார். "என் தலையை எடுக்க உத்தரவு இல்லை, பிரபு. போகத்தான் உத்தரவு. போகலாம் என்றால் ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை. நாலாபுறமும் அழகாக அடைத்துவிட்டீர்கள். ஆட்டம் சமன்!"

ராஜா நாலு வாசலையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இப்போதுதானய்யா மண்டையில் ஏறுகிறது!" என்று தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சிற்றம்பலத்துக்குப் போர்த்தினார்.