பஞ்சாரத்தின் மேல் கல் ஏறிய கதை

அந்தக் காலத்தில் அந்திப்பொழுது நீளம். சூரியன் போன பிறகும் ஒரு பானை நெல் அவிகிற நேரம்வரை வானம் மஞ்சளாகவே நிற்கும். கோழி பேசும், நாயும் பேசும். எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது.

மூங்கில் கூடை முடைகிற உருமாயி ஒரு கொண்டைக்கோழி வளர்த்தாள். அது பதினொரு குஞ்சு பொரித்தது. கூடைக்குள் வைத்து மூடினாள். தெருநாய்கள் உருட்டிவிட்டு ஏழு குஞ்சுகளைத் தின்றன. உறியில் ஏற்றினாள், பூனை ஒன்றைக் கொண்டுபோனது. மிச்சம் மூன்று.

"இந்த மூணும் போனா நான் இனிமே அடை உட்கார மாட்டேன், உருமாயி" என்றது கோழி. அழவில்லை. சொன்னது, அவ்வளவுதான். உருமாயிக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

அந்தியில் செவலை நாய் தன் கூட்டத்தோடு வாசலுக்கு வந்தது. குஞ்சுகள் தாயின் இறக்கைக்குள் ஓடின. உருமாயி கையில் அப்போதுதான் முடைந்து முடித்த பெரிய கூடை. கூடை முடைகிறவர்கள் அதைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். பிழைப்பும் கவிழ்ந்துவிடும் என்று பயம். ஒரு கணம் நின்றாள். செவலையின் வாய் கோழியின் வாலருகே வந்துவிட்டது.

கவிழ்த்தாள். கோழியும் குஞ்சும் உள்ளே. தான் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பச்சை மூங்கில் நெரிந்தது, முறியவில்லை.

மனுஷியைக் கடிக்கிற துணிச்சல் நாய்களுக்கு அப்போது வந்திருக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தன.

"ஆத்தா, காலையிலேர்ந்து முடைஞ்ச கை. வலிக்குமே. உள்ளே போய்ப் படு. நாங்க காவல் இருக்கோம்" என்றது செவலை.

"நீ இருப்பே. குஞ்சு இருக்காது. போடா, எச்சில் வாயா!"

செவலை கோபப்படவில்லை. தாலாட்டு மாதிரி ஒன்றை இழுத்தது. மற்றவை சேர்ந்துகொண்டன. மஞ்சள் வெளிச்சம் தேனாகக் கெட்டியானது. உதிர்ந்த வேப்பம்பூ தரைக்கு வராமல் நடுவிலேயே மிதந்தது. உருமாயியின் தலை சாய்ந்தது.

அடியிலிருந்து கோழி தொண்டைக்குள்ளேயே கேட்டது. "உருமாயி, இருக்கியா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இருக்கேன்."

மறுபடி பாட்டு. மறுபடி தலை சாயும். மறுபடி "இருக்கியா?" எத்தனை தடவையோ.

மூங்கில் வெட்டப் போன அவள் புருஷன் சடையன் வந்து சேர்ந்தான். "என்னடி, கூடையை அடைகாக்கிறியா?" என்று சிரித்தவன், சிரிப்பை நிறுத்தினான். "ஐயையோ, கவிழ்த்துட்டியே!"

"கவிழ்ந்தா கவிழட்டும். அந்தக் குழவிக்கல்லைத் தூக்கிட்டு வாய்யா. இடுப்பு போச்சு."

அவள் எழுந்ததுதான் தாமதம், அவன் கல்லை வைத்தான். கூடை முனகியது.

"உருமாயி, இருக்கியா?"

உருமாயி வாசற்படியில் நின்றிருந்தாள். கோழியிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"இருக்கேன். தூங்கு."

செவலை கல்லைப் பார்த்துப் பாடியது. கல்லுக்கு ஏது தூக்கம்? பாடின நாய்களுக்குத்தான் கொட்டாவி வந்தது. ஒவ்வொன்றாக நழுவின. அதன் பிறகே இருட்டியது.

கோழிக்குப் பேச்சு எப்போதோ போய்விட்டது. ஆனால் அன்று முதல்தான், கோழிமேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்ததும் உள்ளே தொண்டைக்குள் ஒரு முனகல் எழுகிறது. மேலே கல் உட்கார்கிற சத்தம் கேட்டதும் அடங்கிவிடுகிறது. உருமாயி உட்கார்ந்துவிட்டாள் என்று அதற்கு நினைப்பு.