இருளப்பன் பிடி வழுக்கிய கதை

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருப்பவையெல்லாம் வாய் திறந்து பேசிய காலத்தில், ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வீடு. உள்ளே உழைத்த புரதங்கள் வீட்டாட்கள். தோல் தெருவில் செங்கோடன் வீட்டில் நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் குற்றவாளி தப்பிவிடுவான்.

முதலாவது, வெயில் சுட்டு அந்த வீட்டின் மரபணு இழை அறுந்தது, அதைச் செங்கோடன் மறைத்தான். இரண்டாவது, இழையை முடிச்சிட்டுச் சரிசெய்ய வந்தவர்களை வாசலோடு விரட்டினான். மூன்றாவது, அடுத்த வீட்டுச் சுவர் தட்டினால் வளர்வதை நிறுத்த வேண்டும் என்ற தெருக்கட்டுப்பாட்டை மீறி, சுவரை நெட்டித் தள்ளினான். நான்காவது, காவலன் மாசாணத்தின் கையைப் பிடித்திருந்த இருளப்பனுக்கு இரட்டைச் சோறு போட்டு, "என்ன நடந்தாலும் பிடியை விடாதே" என்றான்.

கையைப் பிடிப்பது குற்றமல்ல. மாசாணம் முன்கோபி. சும்மா விட்டால் சின்னக் கீறலுக்கும் வீட்டையே மடக்கிவிடுவான். அப்படி வீணாக அழிந்த வீடுகள் உண்டு. அதனால் வந்த வழக்கம் அது. நல்ல வழக்கங்களைத்தான் உடைமைக்காரர்கள் முதலில் விலைக்கு வாங்குகிறார்கள்.

இழையைப் பார்த்துவரும் வேலை பூவாயிக்கு. அறுந்த இடத்தை அவள் கண்டுவிட்டாள். வீடு இரண்டாகப் பிரியும் நேரம் நெருங்கியிருந்தது. பிரிந்தால் இரண்டும் அறுந்த இழையோடு நிற்கும். பிறகு நான்கு, எட்டு. தெருவே நெரிபட்டுச் சாகும்.

"இருளப்பா, கையை விடு."

"விட்டா இவன் உலைக்கூடத்தைத் திறந்து, உள்ள தூங்குற வெட்டுக்காரங்களை எழுப்பிடுவான். வீட்டோட நீயும் போயிடுவ அக்கா. தெரியுமா?"

"தெரியும்."

மாசாணம் சிரித்தான். "கையைப் பிடிச்சவன் தாலியும் கட்டிடுவான் போல. விடமாட்டான் அக்கா."

"உனக்கு மட்டும் சோறு கசக்குதா?" என்று இருளப்பன் சீறினான்.

"இரட்டைச் சோறு உனக்குத்தானே. எனக்கு ஒரு கவளமும் கூடல. அதனாலதான் கண்ணு தெரியுது."

பூவாயி உலையிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்தாள். மாசாணத்தின் மணிக்கட்டில் சூடு வைத்தாள். கொப்புளம் எழும்பி நீர் கசிந்தது. இருளப்பன் இறுக்க இறுக்கப் பிடி வழுக்கியது.

மாசாணம் போய் உலைக்கூடத்துச் சுவரில் துளையிட்டான். உள்ளே உறங்கிக் கிடந்த வெட்டுக்காரர்கள் விழித்தார்கள். உத்தரம் உத்தரமாக வீட்டை அறுத்தார்கள்.

"என் வீடு!" என்று செங்கோடன் அலறினான்.

"தெரு இல்லாம உனக்கு ஏதுடா வீடு?" என்றாள் பூவாயி. அவள் கால்களை ஏற்கெனவே அறுத்திருந்தார்கள்.

இருளப்பன் அழுதான். "நீ செஞ்சது யாருக்குத் தெரியப்போகுது அக்கா?"

"அழாம வாசலுக்குப் போ. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடு. அறுத்த துண்டுகளைச் சிந்தாம அள்ளிட்டுப் போகட்டும். சிந்தினா தெருவுக்குப் புண்ணு."

அன்று முதல்தான் இழை அறுந்த உயிரணுவில் காவலனுக்குச் சூடு விழுகிறது, பிடி வழுக்குகிறது, வீடு தன்னைத்தானே மடித்துக்கொள்கிறது. சூடு விழாத இடத்தில் கட்டி வளர்கிறது. அதையும் பார்த்திருக்கிறீர்கள். மடியும் வீடு வாசலில் அடையாளம் காட்டி அண்டையாரை அழைப்பதும் அன்று முதல்தான்.

அன்று வந்து நின்றவர்கள் ஏழு வீட்டார். செங்கோடன் பெயரை யாரும் கேட்கவில்லை. பாதி அறுபட்ட இருளப்பன், வெறும் கையை உயர்த்தி, தெருவைக் காத்தவளின் பெயரை அவர்கள் முன்னால் உரக்கச் சொன்னான்:

"இழை பார்த்த பூவாயி."