கல்யாணக் காரில் எரிந்த சிவப்பு விளக்கு

மொட்டணம்பட்டிக்காரர்களுக்கு மூளை நிறைய உண்டு. வெளியே எடுத்தால் அழுக்காகிவிடும் என்று வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் மாப்பிள்ளை செங்கோடன் தன் கல்யாணத்துக்குக் கிளம்பினான். பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். காரை ஓட்டியது கூட்டாளி நாச்சிமுத்து. பின்சீட்டில் இன்னொரு கூட்டாளி ரங்கான்.

பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெட்ரோல் தீரப்போவுதுடா," என்றான் நாச்சிமுத்து.

செங்கோடன் உடனே மெக்கானிக் மாரப்பனுக்குப் போன் போட்டான்.

"பதறாதீங்க. ஏசியை நிறுத்துங்க, பாரத்தைக் குறைங்க, மெதுவாப் போங்க. பங்க் வரைக்கும் போயிரும்."

ஏசி நின்றது. பாரம்?

"மாப்பிள்ளைதான்டா பாரம். நேத்து எத்தனை லட்டு தின்னான்!" என்றான் நாச்சிமுத்து.

செங்கோடன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி முன்னால் ஓடினான். ரங்கானும் ஓடினான். மாலை சுற்றிய கார் ஹாரன் அடித்தபடி பின்னாலேயே மெதுவாக வந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பரிதாபப்பட்டார். "கல்யாணம் புடிக்கலீன்னா வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா சாமி?"

பங்க்கில் பெட்ரோல் போடும் அக்கா, "இன்ஜினை நிறுத்துங்க. போனை எடுக்காதீங்க. ஜீரோவைப் பாருங்க," என்றார்.

செங்கோடனின் சட்டைப்பையில் போன் அலறியது. மாமனாராகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. ரங்கான் மீட்டரில் இருந்த ஜீரோவை இமைக்காமல் பார்த்தான்.

"அக்கா, நிறுத்துங்க! ஜீரோவைக் காணோம்!"

"பெட்ரோல் ஏறுனா அது போவத்தான் செய்யும்."

"பாக்கச் சொல்லிட்டு நீங்களே அழிச்சா எப்படிங்கக்கா?"

அக்கா மறுபடி ஜீரோ வைத்தார். மறுபடி காணோம். கடைசியில் ரங்கானின் துண்டாலேயே அவன் கண்ணைக் கட்டிவிட்டு டேங்கை நிரப்பி முடித்தார்.

"ஃபுல்லு! முகூர்த்தம் போவுது, கெளம்புங்க!"

நாச்சிமுத்து சாவியைத் திருகப் போனான். செங்கோடன் அவன் கையைப் பிடித்தான்.

"டேய், இவ்வளவு பாடுபட்டு நிரப்பியிருக்கோம். ஓட்டுனா குறையுமே?"

மூவரும் யோசித்தார்கள். குறையும்தான்.

மண்டபம் வரைக்கும் தள்ளினார்கள்.

வாசலிலேயே மாமனார் குழந்தைவேலு ஓடி வந்தார். "என்னாச்சுங் மாப்ளே? பெட்ரோல் இல்லீங்களா?"

"டேங்க் நெறைய இருக்குதுங் மாமா. செலவு பண்ண மனசு வரலீங்க."

மாமனாரின் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு சிக்கனமான மருமகனா! அப்புறம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"அதுக்குன்னு ரோட்டுல உருட்டிக்கிட்டா வர்றது? டயர் தேயாதுங்களா? அடேய், எல்லாரும் வாங்கடா, தூக்குங்க!"

சமையல்காரர்களும் மேளக்காரர்களும் சம்பந்திகளும் சேர்ந்து தூக்கினார்கள். கார் மேடை ஏறியது. ஒரு தோளில் பம்பரைத் தாங்கிக்கொண்டே செங்கோடன் பத்தரைக்குள் தாலியைக் கட்டிவிட்டான்.

பிறகு மணமக்கள் மணவறையை வலம் வந்தார்கள். காரும் கூடவே வலம் வந்தது. கீழே வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே!