மூச்சுப் படாத எண்ணெய்

"ஒரு தடவை விட்டா அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்கக் கூடாது, டீச்சரம்மா. அப்படி ஒரு எண்ணெய் குடுங்க."

சூசைமிக்கேல் ட்ரம்பெட்டை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. போட்டார்.

அமலோற்பவம் ஒரு கைக்கடிகாரத்தின் முதுகைத் திறந்துகொண்டிருந்தாள். அவளைவிட அவர் பதினைந்து வயது மூத்தவர். கோயில் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிற நேரம் போக, மூன்று மாதமாக அவளிடம்தான் கடிகார வேலை கற்கிறார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"காலையில ஒரு அடக்கம். கல்லறை வாசல்ல வாசிக்கும்போது விரலால அமுக்குற நடு வால்வு கீழ போச்சு, மேல வரல. செத்தவரைத் தவிர எல்லாரும் என்னையத் திரும்பிப் பார்த்தாவ."

"அய்யய்யோ."

"ஞாயித்துக்கிழமை சப்பரத்துக்கும் இப்படின்னா ஜால்ராவைக் கையில குடுத்துருவேன்னுட்டாரு பேண்டு மாஸ்டர். முப்பது வருஷம் ட்ரம்பெட் பிடிச்ச கைல."

அந்தக் கையை மேசைமேல் விரித்தார்.

அமலோற்பவம் நடு வால்வை உருவி விரலால் தடவிப் பார்த்தாள். பிசுபிசுத்தது.

"கடிகார எண்ணெயை விட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தினமும் துடைச்சு, தினமும் சொட்டு விட்டு, அலுத்துப் போச்சு டீச்சரம்மா. வீட்டுல பொஞ்சாதி ஸ்டெல்லா முட்டிக்குத் தைலம், இங்க இதுக்கு எண்ணெய். நேத்து தேய்ச்சது நேத்தோட போயிருது. இந்தக் கடிகாரத்தைப் பாருங்க. ஊசி முனையில ஒரு பொட்டு. வருஷக் கணக்குல ஒரு கேள்வி கிடையாது."

அவள் மூன்று வால்வுகளையும் மண்ணெண்ணெயில் கழுவினாள். துணியில் துடைத்துக் காயவைத்து, திரும்ப மாட்டினாள். பிறகு திறந்து கிடந்த கடிகாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். சின்னச் சக்கரம் போய்ப் போய் வந்தது. பார்க்கப் பார்க்க அவர் முகம் சிவந்தது.

"ஏன் மூச்சைப் பிடிக்கீங்க?"

அவர் நிமிர்ந்து மூச்சை விட்டார்.

"நீங்கதான சொன்னீங்க, வந்த முதல் நாளே! மூச்சோட ஈரம் பட்டா உள்ள எல்லாம் கெட்டுப் போவும்லா."

"ஆமா."

அமலோற்பவம் ட்ரம்பெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதையும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே வாசிங்க. எண்ணெய் அப்படியே இருக்கும்."

சூசைமிக்கேல் ட்ரம்பெட்டைப் பார்த்தார்.

பிறகு பைக்குள் கையை விட்டு, தண்ணீர் மாதிரி ஓடுகிற அந்தப் பழைய வால்வு எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். வால்வுக்குச் சில சொட்டு விட்டார். நடு வால்வு கீழே போனது, மேலே வந்தது.

ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்து எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் ரெண்டு கடிகாரம் கிடக்கே."

"வந்துருதேன் டீச்சரம்மா. ஸ்டெல்லாவுக்கு இன்னைக்கு முட்டி தேய்க்கல."