வில்லவராயர் முதிர வைத்த கள்

பனைமரம் அதிகமாகவும் பகைவர்கள் குறைவாகவும் இருந்த ஒரு நாட்டை வில்லவராயர் என்ற ராஜா ஆண்டு வந்தார். போர் இல்லாத ராஜாவுக்குப் பொழுது போக வேண்டும். அதனால் அவர் எதையாவது சேர்ப்பார். முதலில் கிளிக்கூண்டு சேர்த்தார். கிளி கிடையாது, கூண்டு மட்டும். பிறகு விளக்குத் தண்டு. இதுவரை நாட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு நாள் கப்பலில் வந்த யவன வணிகன் ஒருவன், "எங்கள் ஊரில் திராட்சை மதுவைப் பூமிக்கடியில் வைப்போம். நாளாக ஆக ருசி கூடும். பெரிய மன்னர்கள் அதைக் குடிப்பதில்லை, சேர்த்து வைப்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். அவன் சொன்னது திராட்சை. இந்த நாட்டில் இருந்தது கள். அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய மந்திரி மணவாளர், "நம் கள்ளுக்கு என்ன குறைச்சல் மகாராஜா?" என்றார்.

அரண்மனைக்கு அடியில் நிலவறை தோண்டினார்கள். நாட்டில் இறக்கிய கள்ளெல்லாம் அங்கே போயிற்று. ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஓலை நறுக்கு தொங்கியது. எந்தத் தோப்பு, எந்த மரம், கிழக்குப் பாளையா மேற்குப் பாளையா, அன்று காற்று எப்படி அடித்தது, எல்லாம் அதில் இருக்கும். குடத்தின் வாயை மண் பூசி அடைத்தார்கள். புதுக் கள் குடிப்பது குற்றம் என்று பறை அறைந்தார்கள். ராஜா தினமும் இறங்கிப் போய்க் குடங்களைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார். ஒரு சொட்டு குடிக்க மாட்டார்.

அடைத்து வைத்த கள் சும்மா இருக்குமா? பொங்கிப் பொங்கிக் குடங்கள் வெடித்தன. எதிரிப் படை வந்துவிட்டது என்று காவலர்கள் கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். "முதிர்கிறது" என்றார் ராஜா, பெருமையோடு.

இந்த உத்தரவால் அதிகமாக அடிபட்டவர் ஏகாம்பரம். ராஜாவுக்குப் பேச்சுத் துணையாகச் சபையில் இருந்தவர். விடிந்ததும் பனையடியில் நின்று, நுரை அடங்குமுன் ஓலைப் பட்டையில் கள் குடிப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த சுகம். பறை அறைந்த பிறகும் காலையில் தோப்புக்குப் போனார். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அவரைக் கண்டால் ஆகாத மணவாளர் இதைக் கவனித்தார். "மகாராஜா, முதல் குடத்தைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. ருசி பார்க்க ஏகாம்பரத்தின் நாக்கைவிட நல்ல நாக்கு ஏது? நாளைக்குச் சபையில் அவர் சொல்வதே தீர்ப்பாக இருக்கட்டும்" என்றார்.

ஏகாம்பரத்துக்குப் புரிந்துவிட்டது. நன்றாக இல்லை என்று சொன்னால் நாடு கடத்துவார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உத்தரவு நிலைத்துவிடும், ஆயுள் முழுக்கக் காலைக் கள் கிடையாது. இரண்டில் எது மோசம் என்று அவரால் உடனே முடிவு செய்ய முடியவில்லை.

மறுநாள் சபை நிலவறை வாசலில் கூடியது. ஏகாம்பரம் தலை முழுகி, ஈர வேட்டியோடு வந்தார். பின்னால் ஒருவர் சங்கு ஊதினார். அவருக்குப் பின்னால் நாலு பேர் பச்சை மூங்கில் பாடை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். பாடை காலியாக இருந்தது.

"யாருக்கு என்ன ஆயிற்று?" என்றார் ராஜா.

"எல்லாரும் போய்விட்டார்கள் மகாராஜா. ஒருவர் பாக்கியில்லை."

"யார்?"

"கீழே இருப்பவர்கள்."

ராஜா விழித்தார். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கள் விடியற்காலையில் பிறக்கிறது மகாராஜா. வெயில் ஏறும்போது வாலிபம். உச்சிப் பொழுதில் குடும்பஸ்தன். மாலையில் கிழம், எதைச் சொன்னாலும் கடுகடுப்பு. தாங்கள் முதிரச் சொன்னீர்கள். அன்று மாலையே அது முதிர்ந்துவிட்டது. பிறகும் எடுக்காமல் வைத்திருந்தால் அது என்ன செய்யும், பாவம்?"

"மகாராஜா, நம்பாதீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் உயிரோடு திடமாக இருக்கிறது" என்றார் மணவாளர். "ஓய், கதை அளந்தது போதும். குடித்து ருசியைச் சொல்லும்."

குடத்தைத் திறந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "அழுங்கள். மனசுக்குள் அடக்கி வைக்கக் கூடாது" என்றார் ஏகாம்பரம். ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கிறது?" என்றார் ராஜா.

"போனவர்களைப் பற்றிக் குறை பேசுவது நம் வழக்கமில்லை மகாராஜா."

ராஜாவுக்கு எரிச்சல் வந்தது. பசியும் வந்தது. "சாப்பிட்டுவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம்" என்று எழுந்தார். தலைமைச் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார்.

"அடுப்பு மூட்டவில்லை மகாராஜா. வீட்டுக்குள் பிணத்தை வைத்துக்கொண்டு உலை வைக்கலாமா? ஏகாம்பரம் ஐயா காலையிலேயே வந்து துக்கம் சொல்லிவிட்டுப் போனார்."

"எப்போது மூட்டுவாய்?"

"எடுத்த பிறகுதான்."

ராஜா மந்திரியின் பக்கம் திரும்பினார். "மணவாளரே, உயிரோடு இருக்கிறது என்கிறீர். ஒரு குவளை குடித்துக் காட்டிவிடும். அடுப்பு எரியட்டும்."

மணவாளர் குடித்தார். ஒரு கண் மூடிக்கொண்டது, திறக்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ராஜா நிலவறையை ஒருமுறை பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எடுங்கள்" என்றார்.

சங்கு ஊத, குடங்கள் பாடையில் ஏறித் தெற்கு வாசல் வழியாகப் போயின. புளித்துக் காடியாகிவிட்ட அதை ஊறுகாய் போடுகிறவர்கள் அங்கே காத்திருந்து வாங்கிக்கொண்டார்கள். உத்தரவும் அன்றே ரத்தாகியது.

மறுநாள் விடிந்ததும் ராஜாவே ஏகாம்பரத்தோடு தோப்புக்கு வந்தார். அப்போது இறக்கிய கள்ளை ஓலைப் பட்டையில் ஏந்திக் குடித்தார்.

"இது இத்தனை நாள் எங்கே இருந்தது?"

"மரத்தில்தான் இருந்தது மகாராஜா."

இன்னொரு பட்டை குடித்தார். மீசையில் நுரை. மெல்ல மெல்ல அவர் முகத்தில் பழைய ஆசை ஏறியது. "ஏகாம்பரம், இது அபூர்வமான கள். இதில் ஒரு குடம் எடுத்துப் பத்திரமாக வையும். யார் கைக்கும் எட்டாத இடமாக இருக்க வேண்டும்."

ஏகாம்பரம் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அடி தெரியும்வரை இறக்கவில்லை. பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வயிற்றின்மேல் கையை வைத்தார்.

"வைத்துவிட்டேன் மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில், பாதி மரம் ஏறியிருந்தவர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். தினமும் ஒரு குடம் இதே மாதிரி பத்திரப்படுத்த வேண்டும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. ஏகாம்பரம் ஓர் அரச கட்டளைக்கு மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.