சங்குக்குள் நண்டு குடிபோன கதை

அந்தக் காலத்தில் நண்டும் நத்தையும் மனிதரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஒருவர் வலி இன்னொருவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? இது சந்தோஷமான கதை இல்லை. முன்னாலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

கொடுக்கன் என்று ஒரு நண்டு. மற்ற நண்டுகளைப் போலவே உடம்பு முழுக்க கெட்டி ஓடு உள்ளவன். அலை ஏறுகிற ஓரத்தில் வளை தோண்டிக் குடியிருந்தான். குடியிருந்தான் என்று பேர்தான். காலையில் தோண்டினால் மத்தியானம் அலை வந்து மூடிவிடும். மறுபடி தோண்டுவான், மறுபடி மூடும். "இடியாத ஒரு பொந்து நம்ம தலையில எழுதலையா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அவன் இன்னும் ஆழமாகத் தோண்டுவான்.

பக்கத்தில் ஊமச்சி என்ற நத்தை இருந்தாள். பெரிய சங்கு, பெரிய மனசு. வளை இடிந்த நாளெல்லாம் கொடுக்கனின் குஞ்சுகள் அவள் சங்கின் மறைவில்தான் ஒதுங்கும். ஒரே ஒரு குறை, கூப்பிட்டால் உடனே பதில் வராது. தூங்கி விழித்து, உடம்பை நீட்டி, வாயைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"ஏன் தங்கச்சி, எப்பக் கூப்பிட்டேன், இப்பத்தான் 'என்ன'ங்கிறே?" என்று கொடுக்கன் சிரிப்பான்.

"அதுக்குள்ள கடல் வத்திப் போயிடுச்சா அண்ணே?" என்பாள் அவள்.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கரையை ஆண்ட அரசனுக்குக் கடலுக்குள்ளேயே ஒரு கோட்டை வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை அரசனுக்கு, அல்லாடுவது கொத்தனார்! பெரிய கொத்தனார் வயிரவன் வந்து இறங்கினார். கல் இருந்தது. கல்லோடு கல்லைப் பிடித்துவைக்கச் சுண்ணாம்பு வேண்டுமே? கடற்கரையில் கிளிஞ்சலையும் சங்கையும் விட்டால் வேறு வழி ஏது? அவற்றைப் பொறுக்கிக் காளவாயில் கரியோடு சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டு அரைத்தால் சாந்து ரெடி. உப்புத் தண்ணீர் அந்தச் சாந்தை ஒன்றும் செய்யாது.

செய்தி தெரிந்ததும் நத்தைகள் பதறிக்கொண்டு வந்தன. "எங்களையும் சேர்த்துச் சுடுவீங்களா சாமி?"

வயிரவன் நியாயஸ்தர். காலி ஓடு மட்டுமே காளவாய்க்குப் போகும் என்று கடலைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அதற்கு ஒரு முறையும் வைத்தார். ஒவ்வொரு ஓடாகத் தட்ட வேண்டும். "உள்ளே யாரு?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, ஓர் அலை கரையேறித் திரும்பிப் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்போதும் சத்தம் இல்லையென்றால்தான் அது கூடைக்கு.

தட்டுகிற வேலைக்குக் கொடுக்கனை வைத்தார். "ஒழுங்காச் செஞ்சு முடி. கோட்டைச் சுவர்லயே உன் குடும்பத்துக்கு ஒரு மாடம் விட்டுத் தர்றேன். எந்த அலையும் அதை மூடாது."

கொடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னான். ஊமச்சியிடமும் சொன்னான். அவளுக்கும் பரம சந்தோஷம். அன்று முதல் மத்தியானம் ஆனால் மெல்ல மெல்ல ஊர்ந்து, வேலை செய்கிற அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

சுவர் வளர்ந்தது. கொடுக்கன் தட்டினான், கேட்டான், காத்திருந்தான். ஒரு குறை சொல்ல முடியாது.

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்தது. கடல் பக்கத்து மூலை மட்டும்தான் பாக்கி. "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த மூலையை மூடியாகணும். இல்லேன்னா ஏறுற கடல் மொத்தச் சுவரையும் உருவிட்டுப் போயிடும்" என்றார் வயிரவன். சாரத்தின் மேலிருந்து "சாந்து! சாந்து!" என்று ஒரே கூச்சல்.

சுவர் போனால் மாடமும் போச்சு. கொடுக்கன் அவசரப்பட்டான். முதலில் முழு அலைக்குக் காத்திருந்தான். பிறகு பாதி அலைக்கு. பிறகு தட்டினான், கேட்டான், போட்டான். தட்டினான், கேட்டான், போட்டான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை, பாருங்கள்.

குவியலின் நிழல் பக்கத்தில் சேறு அப்பிய சங்கு ஒன்று கிடந்தது. தட்டினான். "உள்ளே யாரு?" வந்த அலை இன்னும் திரும்பக்கூட இல்லை. தூக்கிக் கூடையில் போட்டான். கூடை மேலே போனது, காளவாயில் கவிழ்ந்தது.

அப்போதுதான் நெருப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தான் அண்ணே... உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன், கொஞ்சம் கண் அசந்துட்டேன்..."

ஐயோ! கொடுக்கன் அப்படியே காளவாய்க்குள் பாய்ந்தான். பிடித்து இழுத்தவர்களை உதறினான். பின்பக்க ஓடு வெடித்துக் கழன்று விழுந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் வயிரவன்தான் நீண்ட கம்பால் அவனை வெளியே தள்ளினார். வெறும் கையோடு வந்து விழுந்தான்.

"தட்டினேனே சாமி! கேட்டேனே!"

"தட்டினே, கேட்டே. காத்திருந்தியா?" என்றார் வயிரவன். ஆனால் வேலையை நிறுத்த அவரால் முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் மூலையை மூடிவிட்டார்கள்.

அன்று கடல் வந்து மோதியது, சுவர் அசையவில்லை. சொன்ன சொல் தவறாமல் வயிரவன் மாடமும் விட்டுக் கொடுத்தார். காய்ந்த, இடியாத, அழகான மாடம். கொடுக்கன் வாசல் வரை போனான். சுவரில் சாந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவில் அவள் இருக்கிறாள் என்று யாரால் சொல்ல முடியும்?

"நான் இதுல எப்படிப் படுப்பேன்?" என்று கேட்டான். மனைவி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அவனோடு மணலுக்கே இறங்கிவிட்டாள்.

ஒரு கோட்டை எழுந்தால் பக்கத்து அரசன் சும்மா இருப்பானா? வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று காளவாய்கள் புகைந்தன. அங்கெல்லாம் தட்டுகிறவர்களும் கிடையாது, காத்திருக்கிறவர்களும் கிடையாது. காலிதானே என்று கை நிறைய அள்ளினார்கள். கொடுக்கன் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து சொல்லிப் பார்த்தான். நண்டு சொல்லி யார் கேட்கிறார்கள்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். "காலி கிடைக்கிறதாலதானே பார்க்காம அள்ளுறாங்க? இனிமே இந்தக் கரையில காலிச் சங்குன்னு ஒண்ணு இருக்கவே கூடாது." வெந்து மெத்தென்று போன பின்னுடம்பைச் சுருட்டி, கிடந்த சங்கு ஒன்றுக்குள் நுழைந்துகொண்டான். மனைவி ஒன்றில் நுழைந்தாள். அதன்பின் பிறந்த பிள்ளைகளெல்லாம் ஓடில்லாத பின்னுடம்போடு பிறந்து, ஆளுக்கு ஒரு சங்கைத் தேடிக்கொண்டன. யாராவது தொட்டால் போதும், "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று உடனே குரல் கொடுத்தன. அள்ள வந்தவர்கள் பயந்துபோய், ஒவ்வொரு சங்காகப் பார்த்து எடுக்கத் தொடங்கினார்கள்.

பிற்பாடு உயிர்களுக்குள் பொதுவாக இருந்த பேச்சு போயிற்று. வாய் போனாலும் கொடுக்கு இருந்ததே! அன்று முதல்தான், காலிச் சங்கு என்று நினைத்து நாம் கையில் எடுத்ததுமே உள்ளேயிருந்து ஒரு நண்டு வெடுக்கென்று கிள்ளுகிறது. அலை திரும்புகிற வரைக்கும்கூட அது காத்திருப்பதில்லை.