குழலின் கட்டை அவிழ்த்த நாள்

மீனுக்குச் செதிலும் மண்ணுக்குப் புல்லும் வந்திராத அந்தக் காலத்தில், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் மட்டுமே குடியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கெட்டியான சுவர் ஒன்று வைத்திருந்தது. அவை ஒன்றோடொன்று பேசின. அவற்றுக்கு உள்ளே வேலை செய்தவர்களும் பேசினார்கள்.

அவற்றில் ஒருத்தி மெல்லி. ஒரு பெருவெள்ளம் அவளைப் பாறைகளின்மேல் உருட்டித் தேய்த்ததில் அவளுடைய சுவர் கழன்று போய்விட்டது. உள்ளே இருந்த மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியது. அக்கம்பக்கத்துச் சுவர்க்காரிகளுக்கு அது நல்ல வேடிக்கை.

“ஏன் மெல்லி, நேத்து இட்லி மாதிரி இருந்தே, இன்னிக்கு தோசை மாதிரி பரந்து கிடக்கே?”

“அவ என்ன செய்வா பாவம், தண்ணி எப்படித் தள்ளுதோ அப்படி.”

மெல்லிக்கு உள்ளே இருந்த மூவருக்கும் ரோஷம் வந்தது. அவர்கள் அண்ணன், தம்பி, தங்கை. சுவர் இருந்தவரை அவர்களுக்குப் பெரிய வேலை எதுவும் இருந்ததில்லை.

மூத்தவன் வடம். முறுக்கேறிய கயிறு போன்றவன். எவ்வளவு இழுத்தாலும் அறமாட்டான். தோலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தன்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, மெல்லி கிழியாமல் பார்த்துக்கொண்டான். கடைக்குட்டி இழை. தோலுக்கு அடியிலேயே ஓடித் திரிவாள். ஓரிடத்தில் கூட்டமாக நின்று தள்ளினால் அந்த இடம் கால்போல நீளும்; மெல்லி மெதுவாக நகர்வாள். சுவர்க்காரிகள் யாருக்கும் அப்படிக் கால் நீட்டத் தெரியாது.

நடுவில் பிறந்தவன் குழல். மெல்லியின் மத்தியில் இருந்த ஒரு மேட்டில் வேரூன்றி, மணிமேல் மணியாக அடுக்கி, உள்ளே பொள்ளலான மூங்கில்களைப் போல நாலாபக்கமும் வளர்வான். மெல்லி அமுங்கிப் போகாமல் நின்றது அவனால்தான். அவன்மேல்தான் மெல்லிக்குள் சுமை தூக்கும் சுமையன் நடப்பான். உணவு மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஒரு கால் வைத்து மறு கால் எடுத்து, மேட்டிலிருந்து ஓரம்வரை போவான்.

குழலிடம் ஒரு குணம் இருந்தது. நன்றாக வளர்ந்துகொண்டே போவான். திடீரென நுனி பிரிந்து, மணிகள் பொலபொலவென்று உதிர்ந்து, வந்த வழியே சுருங்கி மேட்டுக்கே வந்துவிடுவான். பிறகு வேறு பக்கமாக வளர்வான்.

“ஏண்ணே, பாதி வழியில நான் நிக்கறேன், நீ பாட்டுக்குப் பாதையை உருவிட்டுப் போறியே. மூட்டையோட நான் எங்க போக?” என்றான் சுமையன்.

“நானா உருவறேன்? தானா உதிருது.”

“எதையும் நின்னு செய்யற பழக்கமே அவனுக்குக் கிடையாது” என்றான் வடம்.

ஒருநாள் குழலின் தண்டுகள் பல ஒரே நேரத்தில் சரிந்தன. மெல்லியின் ஒரு பக்கம் குழிந்து போயிற்று. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. வடத்துக்குப் பொறுக்கவில்லை. குழல் மறுபடியும் வளர்ந்து முடித்ததும், ஒவ்வொரு தண்டின் நுனியிலும் இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டான்.

அதற்குப் பிறகு குழல் விழவே இல்லை. பாதைகள் அப்படியே இருந்தன. சுமையன் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தான். மெல்லி உருவம் மாறாமல் நிமிர்ந்து நின்றாள். “சுவர் திரும்பி வந்த மாதிரி இருக்குடா” என்று வடத்தைப் பாராட்டினாள். குழலை யாரும் கேட்கவில்லை.

மெல்லி தின்றாள், வளர்ந்தாள். அவளுக்குள் எட்டுச் சுருள்கள் இருந்தன. எதைத் தின்ன வேண்டும், எதை வெளியே தள்ள வேண்டும், எப்படி வளர வேண்டும் என்று ஒரு உயிர் வாழ வேண்டிய வழி முழுதும் அவற்றில்தான் எழுதியிருந்தது. மெல்லி பெரிதானதும் ஒவ்வொரு சுருளும் தன்னைப்போலவே இன்னொன்றை எழுதிக்கொண்டு, அந்த இரட்டையோடு ஒட்டி நின்றது. இனி அவள் இரண்டாகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் தோல் வெடித்துவிடும். பிரிந்தாலும், ஒரு பக்கம் ஒரு சுருள் குறைந்தால் அந்தப் பக்கம் வாழத் தெரியாமல் செத்துவிடும்.

சுவர் இருந்த காலத்தில் சுருள்கள் சுவரில் ஒட்டியிருந்தன. சுவர் நீண்டால் அவையும் விலகும். இப்போது விலக்குவதற்கு யாரும் இல்லை.

சுமையன் ஒரு சுருளைத் தூக்கிப் பார்த்தான், அசைக்க முடியவில்லை. இழை பொறுமையில்லாமல் மெல்லியின் இடுப்பைச் சுற்றி ஓடி இறுக்க ஆரம்பித்தாள்.

“நில்லு, நில்லு” என்று வடம் கத்தினான். “மூணாவது சுருள் நடுவுல கிடக்கு, அறுத்துடாதே.”

தோல் விண்ணென்று இறுகியது. அப்போதுதான் குழல் வாயைத் திறந்தான்.

“ஆத்தா, என் கட்டை அவிழ்க்கச் சொல்லு.”

“அவிழ்த்தா நான் நிப்பேனா?” என்று கேட்டாள் மெல்லி.

“நிக்க மாட்டே. உருண்டுடுவே.”

“அதுக்கப்புறம்?”

“தெரியலை, ஆத்தா. ஆனா இப்படிக் கட்டிக் கிடந்தா சுருள் எங்க இருக்குன்னு என்னால தேட முடியாது. விழுந்தாத்தான் நான் வேற பக்கம் போவேன்.”

“விழறதுக்கு அனுமதி கேக்கறான் பாரு” என்றான் வடம். ஆனால் அவன் குரலில் பழைய கேலி இல்லை.

“அவிழ்த்துடு, வடம்” என்றாள் மெல்லி.

வடம் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தான். கடைசிக் கட்டும் அவிழ்ந்ததும் எல்லாத் தண்டுகளும் ஒன்றாகச் சரிந்தன. மெல்லியின் கால்கள் உள்ளே ஒடுங்கின. பாறையைப் பிடித்திருந்த பிடி நழுவி, அவள் ஒரு உருண்டையானாள்.

உள்ளே குழலின் மேடு இரண்டாகப் பிளந்து, மெல்லியின் இரண்டு ஓரங்களுக்கும் விலகிப் போயிற்று. அங்கிருந்தும் இங்கிருந்தும் குழல் வளர ஆரம்பித்தான். அவனுக்குக் கண் கிடையாது. ஒரு பக்கம் நீளுவான், ஒன்றும் அகப்படாது, விழுவான். வேறு பக்கம் நீளுவான், விழுவான். மூன்றாவது முறை எதுவோ தட்டியது. பிடித்துக்கொண்டான். முதல் சுருள். அதன் இரட்டையை எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு தண்டு பிடித்தது. பிடித்த தண்டு விழவில்லை. பிடிக்காதவை விழுந்து விழுந்து எழுந்தன. இரண்டு, மூன்று, நாலு என்று இரட்டைகள் நடுவில் வரிசையாக வந்து நின்றன. ஏழு ஆயின.

எட்டாவது, தோலோரமாக ஒதுங்கியிருந்தது. அதை ஒரு பக்கத்துத் தண்டு பிடித்துவிட்டது. அதன் இரட்டை மறுபக்கத்துத் தண்டுக்கு அகப்படவில்லை.

“ஏழு போதும்ணே, இழு” என்றான் சுமையன். “தோல் இப்பவோ அப்பவோன்னு இருக்கு.”

“எட்டாவதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதனாலதான் இழுக்கலை.”

பத்தொன்பது முறை குழல் நீண்டான். பத்தொன்பது முறையும் விழுந்தான். வடம் தோலுக்கு அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினான். “நீ தேடு தம்பி. நான் பிடிச்சிருக்கேன்” என்றான். குழலை அவன் தம்பி என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இருபதாவது முறை அகப்பட்டது. எட்டாவது இரட்டையும் நடுவுக்கு வந்து வரிசையில் நின்றது. ஒரு கணம் எல்லாம் அசையாமல் இருந்தன. பிறகு எட்டு இரட்டைகளும் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை ஒரே நேரத்தில் விட்டன. அந்த நொடியில் குழல் தன்னை விழவிட்டான்.

சுருளைப் பிடித்திருந்த நுனியிலிருந்து மணிகள் உதிர்ந்தன. உதிர உதிரத் தண்டு சுருங்கியது. சுருங்கச் சுருங்கச் சுருள் பின்னாலேயே வந்தது. சுமையனால் அசைக்க முடியாத பாரத்தை, குழல் விழுந்தே இழுத்துப் போனான். எட்டு அந்தப் பக்கம், எட்டு இந்தப் பக்கம். நடுவில் வழி காலியானது.

“இப்ப இறுக்கு, தங்கச்சி” என்றான் வடம்.

இழை மெல்லியின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம்போல் வளைந்து இறுக்கினாள். இடுப்பு ஒடுங்கி ஒடுங்கி ஒரு நூலளவானது. நூலும் அறுந்தது.

தண்ணீரில் இரண்டு மெல்லிகள் மிதந்தார்கள். இரண்டு பேருக்குள்ளும் எட்டெட்டுச் சுருள்கள். இரண்டு பேருக்குள்ளும் வடமும் இழையும் சுமையனும் பாதிப் பாதியாக நின்று, நம்ப முடியாமல் எண்ணி எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. குழல் அதற்குள் இரண்டு இடத்திலும் மறுபடி மூங்கில்போல் வளர ஆரம்பித்திருந்தான். பாதி வளர்ந்ததும் ஒரு தண்டு பொலபொலவென்று உதிர்ந்தது. அதன்மேல் நடந்துகொண்டிருந்த சுமையன் பக்கத்துத் தண்டுக்குத் தாவினான். “விழுண்ணே, விழு. தாராளமா விழு” என்று சொல்லிக்கொண்டே நடந்தான். கட்டுப்போட யாரும் வரவில்லை.

இரண்டு மெல்லிகள் நாலானார்கள், நாலு பேர் எட்டானார்கள். அவர்கள் வழியில் வந்தவைதான் மீனும் மாடும் நாமும். காயம் ஆறும் தோலிலும் கருவில் வளரும் பிள்ளையிலும், ஒரு செல் இரண்டாகும் முன் தன் குழல் தண்டுகளையெல்லாம் சரித்துவிட்டு உருண்டையாவதும், கடைசிச் சுருள் அகப்படும்வரை இழுக்காமல் காத்திருப்பதும், குழலின் கட்டை அவிழ்த்த அந்த நாளிலிருந்துதான்.